காலித் தோட்டாவின் விலை

நமது ஹைதராபாத் நகரில் அபிட்ஸுக்கும் பஷீர்பாகுக்கும் இடையே கன்ஃபவுண்டரி என்றொரு இடம் உண்டு. நாள்தோறும் பஸ்ஸில் அவ்வழியே போகிற நம்மவர் பலர், அப்பெயரின் பொருளை நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டாம் நிஜாமாகிய நிஜாம் அலி கானிடம் சேனாபதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ரேமாண்ட் என்பவர் 1786ஆம் ஆண்டில் அங்கே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் ஒன்றை அமைத்தார். உருதுவில் அதனைத் தோப் கா சாஞ்சா, அதாவது பீரங்கியின் அச்சு, என்பார்கள். அந்த ரேமாண்டின் பெயரே மருவி மூசாராம்பாக் என நின்றது. ஆக, செம்பையும் துத்தநாகத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கிப் போர்க்கருவி செய்வது இந்நகருக்குப் புதிதன்று.

இக்கட்டுரையில் நான் சொல்லவந்த பொருள் பீரங்கியைப் போல் பெரியதன்று. விரல் நீளமே உள்ள ஒரு பித்தளை உறை. துப்பாக்கி வெடித்தபின் கீழே விழுகிற காலித் தோட்டா. அதனைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். நம்மவரில் பலருடைய முன்னோர் இவ்வூருக்கு வந்ததே மதராஸ் சேனையின் பின்னால்தான். செகந்திராபாத் கண்டோன்மெண்டிலும், திருமலகிரியிலும், லாலாகுடாவிலும் உள்ள பழைய வீடுகளின் பெட்டிகளில் இத்தகைய தோட்டாக்கள் இன்றும் ஓரிரண்டு கிடக்கின்றன. அவற்றின் விலை என்ன, அவை ஏன் அரிதாயின, அவற்றை வைத்திருப்பதில் உள்ள ஆபத்து யாது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

காகிதமும் பித்தளையும்

தோட்டா என்பதற்கு நான்கு உறுப்புகள் உண்டு. முன்னால் பாய்ந்து செல்வது குண்டு. அதனைத் தள்ளுவது மருந்து. மருந்துக்குத் தீ மூட்டுவது கேப்பு எனப்படும் சிறு மூடி. இம்மூன்றையும் ஒன்றாக அடக்கி வைப்பது உறை. குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு நசுங்கிவிடும். உறை ஒன்றே முழுதாகத் திரும்பிக் கைக்கு வருகிறது.

ஒரு காலத்தில் உறை காகிதமாக இருந்தது. 1857ஆம் ஆண்டில் சிப்பாய்களின் மனத்தைக் கொதிக்கச் செய்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் காகிதத் தோட்டாக்களே. பின்னர், 1866ஆம் ஆண்டையொட்டி, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உறை செய்தார்கள். அது சூட்டிலும் மணலிலும் துப்பாக்கியினுள் சிக்கிக்கொண்டு சிப்பாயின் உயிரைப் பறித்தது. அதன் பிறகே ஒரே துண்டுப் பித்தளையை இழுத்து இழுத்துக் குழாயாக்கும் முறை நிலைத்தது.

பித்தளையையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, வெடிக்கும் கணத்தில் விரிந்து துப்பாக்கியின் சுவரோடு ஒட்டி, புகையும் தீயும் சுடுகிறவன் முகத்தை நோக்கி வராமல் அடைக்கிறது. அடுத்த கணமே சற்றுச் சுருங்கி, எளிதாக வெளியே வந்துவிடுகிறது. இரும்பைப் போல் அது துருப்பிடிப்பதில்லை. இவ்வாறு விரிந்து சுருங்கும் குணம் இருப்பதனாலேயே, அதே உறையை மீண்டும் அளவுக்குக் கொணர்ந்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்துப் பலமுறை பயன்படுத்த இயலுகிறது. மேல்நாடுகளில் இதனை வீட்டிலேயே செய்வார் இலட்சக்கணக்கில் உள்ளனர்.

மேக்னம் என்பது யாது?

மேக்னம் என்பது இலத்தீன் சொல்; பெரியது என்று பொருள். திராட்சை மதுவில் இருமடங்கு கொள்ளும் புட்டிக்கு அப்பெயர் வழங்கியது. அதையே, வழக்கத்தைவிட மிகுந்த மருந்து கொள்ளும் தோட்டாவுக்கும் வைத்தார்கள். அவ்வினத்தில் மிகுந்த புகழ் பெற்றது, லண்டன் ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனியார் 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட .375 மேக்னம். அதன் உறை ஏறக்குறைய 72 மில்லிமீட்டர் நீளம். அடிப்பாகத்தில் அரைஞாண் கட்டியது போன்று ஒரு வளையம் இருக்கும். அந்த வளையமே துப்பாக்கியினுள் தோட்டாவை உரிய இடத்தில் நிறுத்துகிறது.

இத்தகைய பெருந்தோட்டாக்களின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு விசித்திரமான பங்கு உண்டு. 1907ஆம் ஆண்டையொட்டி, .450 அளவுள்ள தோட்டாக்கள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் வருவதை ஆங்கிலேய சர்க்கார் தடுத்தது. பழைய இராணுவத் துப்பாக்கிகள் அவ்வளவினவாக இருந்தமையால், கலகம் செய்வோர் கைக்குத் தோட்டா போய்விடும் என்னும் அச்சமே காரணம். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று சற்றே மாறுபட்ட அளவுகளை முன்வைத்தன. இந்தியாவில் பிறந்த ஒரு தடையுத்தரவு உலகத் துப்பாக்கிகளின் அளவையே மாற்றியது. ஆனால் அதனால் விளைந்த தீங்கும் உண்டு. ஒரே அளவு ஒரு கோடிப் பேருக்கு என்றிருந்தால் மலிவாகும். நூறு அளவுகள் ஆயிரம் பேருக்கு என்றானால் ஒவ்வொன்றும் அரிதாகும்.

நம் தெலுங்கானாப் பகுதி அக்காலத்தில் வேட்டைக்குப் பெயர் பெற்றது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் குறி தவறாத வேட்டைக்காரர் எனப் பெயர் எடுத்தவர். ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு 1893ஆம் ஆண்டில் அவருடைய விருந்தினராக ஹைதராபாத்திற்கு வந்தார். அவரே 1914இல் சாராயேவோ நகரில் சுடப்பட்டு, முதல் உலகப் போர் மூளக் காரணமானவர். வாரங்கல்லைத் தாண்டி டோர்ணகல் போகும் பாதையில் நெக்கொண்டா என்றொரு சிறு ஸ்டேஷன் இருப்பதை நம் இரயில்வே அன்பர்கள் அறிவார்கள். 1902ஆம் ஆண்டில் வைஸ்ராய் கர்ஸன் பிரபு அப்பகுதியில் புலி வேட்டையாடினார். லாலா தீன் தயாள் எடுத்த படம் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

அவ்வேட்டைகளிலெல்லாம் தோட்டாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எளியவனுக்கு அன்றும் தோட்டா அருமையே. ஜிம் கார்பெட்டை எடுத்துக்கொள்வோம். அவரும் நம்மைப் போல் இரயில்வேச் சோறு உண்டவர். மொகாமே காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்டராகப் பல்லாண்டு உழைத்தவர். 1907இல், 436 உயிர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத்துப் பெண்புலியை எதிர்கொண்டபோது அவர் கையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின், காயப்பட்ட புலி நிற்கையிலேயே ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிவர நேர்ந்தது.

பதினான்கு ரூபாயும் இருநூறு ரூபாயும்

இனி விலைக்கு வருவோம். கணக்கு எழுதியே வயிறு வளர்ப்பவனாகையால், கணக்காகவே சொல்கிறேன்.

ஒரு .375 மேக்னம் உறையின் எடை ஏறத்தாழ 17 கிராம். பித்தளை கிலோ 800 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த உலோகத்தின் மதிப்பு பதினான்கு ரூபாயைத் தாண்டாது. ஆனால் அமெரிக்காவில் அதே உறை, மருந்தும் குண்டும் இல்லாத வெறும் உறை, இரண்டு மூன்று டாலருக்கு விற்கிறது. நம் நாணயத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாய் என்க. இடையே உள்ள நூற்று எண்பத்தாறு ரூபாய் எங்கே போயிற்று?

செம்பின் விலையேற்றந்தான் காரணம் என்று சிலர் சொல்வர். செம்பு ஏறியது மெய்யே. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அது உலகச் சந்தையில் டன்னுக்குப் பதினாயிரம் டாலரைத் தாண்டியது. நம் நாட்டிலோ, தூத்துக்குடிச் செம்பு ஆலை 2018ஆம் ஆண்டு மே மாதம் மூடப்பட்டபின், செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா இறக்குமதி செய்யும் நாடாயிற்று. அங்கு மக்கள் பட்ட துன்பமும், பதின்மூன்று உயிர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதும் தமிழர் மறக்கக்கூடியவை அல்ல. எனினும் செம்பு இருமடங்கு ஏறினாலும் உறைக்குக் கூடுவது பத்துப் பதினைந்து ரூபாயே. ஆகவே விடை உலோகத்தில் இல்லை.

விடை வேலையில் உள்ளது. பித்தளைத் தகட்டிலிருந்து வட்டமாக வில்லையை வெட்டி, கிண்ணமாக அழுத்தி, அதனை அச்சுக்குள் மீண்டும் மீண்டும் இழுக்கிறார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும், இறுகினால் வெடிக்கும். ஆகவே ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவே உலையில் காய்ச்சிப் பதப்படுத்த வேண்டும். பிறகு அடியை அழுத்தி எழுத்துப் பொறித்து, வளையத்தைக் கடைந்து, கழுத்தைக் குறுக்கி, மீண்டும் கழுத்தை மட்டும் பதப்படுத்துவார்கள். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சுகள். ஒரு யந்திரத்தை ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவுக்கு மாற்றுவதற்கு ஆகும் நேரமும் கூலியும் கொஞ்சமன்று. பத்து இலட்சம் உறை செய்யும் இராணுவ அளவில் அச்செலவு காசளவாய்ப் பகிர்ந்து போகும். சில ஆயிரமே விற்கும் மேக்னத்தில் அது ஒவ்வோர் உறையின் தலையிலும் ரூபாயாய் ஏறும்.

நம் கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் பத்துப் பேருக்கு வேண்டிய சாதாரண அண்டாவுக்கு ஒரு விலை. யாரோ ஒருவர் பாட்டி வீட்டு அண்டாவைப் போலவே எட்டு மூலையோடு வேண்டும் என்றால் அதற்கு வேறு விலை. அதே நியாயந்தான் இது.

அத்துடன், தட்டுப்பாடு வரும்போது ஆலை முதலாளி எதனை முதலில் செய்வான்? அதிகம் விற்பதையே செய்வான். 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மக்கள் அச்சத்தினால் தோட்டாக்களை வாங்கிக் குவித்தார்கள். அச்சமயத்திலேயே, 2020 ஜூலையில், ரெமிங்டன் என்னும் பெரிய கம்பெனி திவாலாயிற்று. எஞ்சிய ஆலைகள் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் இராணுவ அளவுகளுக்கும் யந்திரங்களைத் திருப்பின. மேக்னம் உறைகள் அலமாரியிலிருந்து மறைந்தன. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபின் மருந்துக்கும் அதே கதி நேர்ந்தது. இதற்கெல்லாம் முன்னரே, இந்தியாவுக்கு வந்த பெருந்தோட்டாக்களில் பெரும்பகுதியைச் செய்த இங்கிலாந்துக் கைனாக் கம்பெனி 1960களில் அவற்றின் உற்பத்தியைக் கைவிட்டிருந்தது.

நம் நாட்டில் ஏன் கிடைப்பதில்லை?

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே விலை என்பது இரண்டாவது கேள்வி. கிடைக்குமா என்பதே முதற்கேள்வி. 1980களின் நடுவிலிருந்து தனி மனிதர் துப்பாக்கியும் தோட்டாவும் இறக்குமதி செய்வது பெரும்பாலும் தடுக்கப்பட்டுள்ளது. பெயர்பெற்ற பந்தய வீரர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்குமே விலக்கு. உள்நாட்டில் சர்க்கார் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கெனச் செய்பவை .315, .30-06, பன்னிரண்டு போர், .32, .22 முதலிய சில அளவுகளே. மகாராஷ்டிரத்தில் உள்ள வரண்காவ், கட்கி ஆகிய இடங்களில் தோட்டாத் தொழிற்சாலைகள் உள்ளன. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி பழைய போர்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, தோட்டா செய்பவை புனாவில் தலைமையகம் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின்கீழ் வந்தன. .375 மேக்னம் அவர்களுடைய பட்டியலில் உள்ள பொருளன்று.

இத்தொழிலில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. நீலகிரி மலை இரயிலில் குன்னூரைக் கடந்து உதகை போகும் அன்பர்கள் அருவங்காடு ஸ்டேஷனைக் கண்டிருப்பார்கள். அங்கேதான் 1903ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. தோட்டாவுக்கு உயிராகிய மருந்து செய்யும் ஆலை அது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்று தலைமுறையாக அது சோறிட்டு வந்துள்ளது. அவ்வாலையின் விபத்துகளில் உயிர் நீத்தோரும் உண்டு. மருந்து எவ்வளவு கட்டுப்பாட்டுடன் கையாள வேண்டிய பொருள் என்பதை அம்மலைவாழ் மக்களைக் கேட்டால் தெரியும்.

வேட்டைக்கும் இன்று இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆட்கொல்லியாகிவிட்ட விலங்கைக்கூட மாநிலத் தலைமை வனவிலங்குக் காவலரின் எழுத்துமூலமான உத்தரவின்றிச் சுடலாகாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்கு 2022இல் கேரளம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் பன்றிக்கு மேக்னம் தேவையில்லை. பன்னிரண்டு போரே போதும். ஆகவே மேக்னம் துப்பாக்கி இன்று நம் நாட்டில் பெரும்பாலும் ஒரு பரம்பரைச் சொத்து. அதற்குத் தீனி இல்லை, வேலையும் இல்லை.

குதிரை லாயத்துக் கதை

அப்படியானால் பழைய காலித் தோட்டாவை மீண்டும் நிரப்பிக்கொண்டால் என்ன என்று தோன்றும். இங்கே பித்தளையின் மற்றொரு குணத்தைச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழை நின்றபின் எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாக்களின் உறைகள் தாமாகவே கீறல் விட்டிருந்தன. பருவத்தில் வரும் வெடிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்களேயன்றி, நெடுநாள் காரணம் தெரியவில்லை. 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதனை விளக்கினார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், இழுத்துச் செய்த பித்தளையினுள் ஒடுங்கி நிற்கும் இறுக்கமும் சேர்ந்தே கீறலை உண்டாக்கின. ஆகவே உறையைச் செய்து முடித்தபின் இளஞ்சூட்டில் பதப்படுத்தி அவ்விறுக்கத்தைப் போக்குவதும், அம்மோனியாவுக்கு அருகில் வைக்காமையும் வழக்கமாயின.

கண்ணுக்குப் பளபளப்பாகத் தோன்றும் பித்தளை உள்ளே நோயுற்றிருக்கலாம் என்பதே இதன் பாடம். ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் உறை சற்று நீளும். கழுத்து இறுகிப் பின்னர் வெடிக்கும். மேக்னம் உறைகளில் அடிவளையத்திற்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரிந்துவிடுவதுண்டு. பழைய கேப்புகள் சிலவற்றில் பாதரசம் சேர்ந்திருந்தது. அது பித்தளையை உள்ளிருந்தே நொறுங்கச் செய்யும். அந்நிலையில் சுடுகிறவனுடைய கண்ணும் கையும் யாருடைய பொறுப்பு?

ஒரு பெரியவரின் முடிவு

திருமலகிரியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து, சுபேதாராக ஓய்வுபெற்று, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அவருடைய மாமனார் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1950களில் ஊர் திரும்பிய ஆங்கிலேயத் துரை ஒருவரிடமிருந்து ஒரு .375 மேக்னம் துப்பாக்கியை லைசென்சோடு வாங்கினார். மாமனாருக்குப்பின் அது முறைப்படி மருமகனிடம் வந்தது. ஒன்பது தோட்டாக்களும், பதினான்கு காலி உறைகளும் உடன் வந்தன. இத்தனை ஆண்டுகளில் அவர் அதனை ஒருமுறையும் சுட்டதில்லை.

சென்ற ஆண்டு லைசென்சு சம்பந்தமாக ஆங்கிலத்தில் மனு எழுதித் தரும்படி என்னை அழைத்தார். நகரத்துக்கு வெளியேயிருந்து ஒருவன் வந்து, காலித் தோட்டா ஒவ்வொன்றுக்கும் அறுநூறு ரூபாய் கொடுத்தால் நிரப்பித் தருவதாகவும், இல்லையேல் தானே நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிப்போனான் என்றார்.

"ஐயா, பணம் வருகிறதென்றால் பேரன் படிப்புக்கு ஆகுமே, நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"தம்பி, முப்பது வருஷம் நான் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் காலியை எண்ணித் திருப்பிக் கொடுத்தவன். ஒரு காலி குறைந்தால் இராத்திரி முழுதும் லாந்தர் வைத்துப் புல்லில் தேடியிருக்கிறோம். அவன் வாங்குவது பித்தளையை அல்ல. கணக்கில் வராத தோட்டாவை. அது நாளைக்கு யார் மார்பில் பாயும் என்று எனக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் அவருடைய பேரன், கொள்ளுத்தாத்தாவின் நினைவாக ஒரு காலி உறையையாவது தரும்படி கேட்டான். அதற்கும் அவர் இணங்கவில்லை. "உன் கொள்ளுத்தாத்தா படம் சுவரில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்" என்றார். பையனுக்குச் சற்று மனத்தாங்கல்தான். ஆனால் அவன் பெட்டியில் அவ்வுறை இருந்து, விமான நிலையத்தில் எக்ஸ்ரே யந்திரம் அதனைக் காட்டியிருந்தால், அவன் படிப்பும் பயணமும் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கியும், தோட்டாக்களும், காலிகளும் எண்ணிக்கையோடு லைசென்சு பெற்ற கடையில் ஒப்படைக்கப்பட்டன. ரசீது இப்போது அவருடைய பென்ஷன் புத்தகத்தோடு இருக்கிறது.

குடும்பத்தார் கவனத்திற்கு

அப்பெரியவருக்குப் பட்டாளம் கற்றுத் தந்ததை நமக்குச் சட்டம் சொல்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்னும் சொல்லின் பொருளில் தோட்டாவின் பாகங்களும் அடங்குகின்றன. ஆகவே காலி உறைதானே என்று அலட்சியமாக இருப்பது தகாது. சாவிக்கொத்தில் கோத்த தோட்டாவும், மேசைமேல் அழகுக்கு நிறுத்திய தோட்டாவும் வழக்குக்கு இடமாகலாம். தன்னிடம் அது இருப்பதை அறியாமல் ஒருவர் வைத்திருந்தால் குற்றமாகாது என்னும் கருத்தை 1972இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருப்பினும், அதனை நிரூபிக்க வக்கீலும் வாய்தாவும் வேண்டும்; விமானம் காத்திராது.

லைசென்சு இன்றித் தோட்டா செய்வதும் நிரப்புவதும் இச்சட்டத்தின் ஐந்தாவது பிரிவுக்கு விரோதம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டவிரோத உற்பத்திக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையிலும் நீளலாம். அதே திருத்தத்தின்படி ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன.

லைசென்சு உடையவர் காலமாகிவிட்டால், வாரிசுகள் துப்பாக்கியைப் பரணில் வைத்துப் பூட்டிவிட்டு இருந்துவிடலாகாது. இருபத்தோராவது பிரிவின்படி, வீண் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பின்னர் தம் பெயருக்கு லைசென்சு வேண்டுமாயின் மனுச் செய்துகொள்ளலாம். ஹைதராபாத் நகரத்தில் அதற்குரிய அதிகாரி போலீஸ் கமிஷனர். எழுத்து வேலையில் உதவி வேண்டுவோர்க்குச் சங்கத்தில் ஆள் இல்லாமற் போகாது.

இரயிலில் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. தோட்டாவோ வெடிமருந்தோ விதிக்கு மாறாக இரயிலில் கொண்டுவருவது 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஊருக்குப் போகும் அவசரத்தில், பழைய பாத்திரங்களோடு தாத்தாவின் தகரப் பெட்டியையும் அப்படியே மூட்டை கட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கட்டுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்று. நம் நாட்டின் பல பாகங்களில், இராணுவச் சுடுகளங்களின் ஓரத்தில் வாழும் ஏழைகள், பித்தளையையும் இரும்பையும் எடைக்குப் போட்டுப் பிழைப்பதற்காக வெடிகுண்டுச் சிதறல்களைப் பொறுக்கச் சென்று, வெடிக்காத குண்டு கையில் வெடித்து மாண்டிருக்கிறார்கள். பதினான்கு ரூபாய்ப் பித்தளைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. பழைய இரும்புக்காரனிடம் தோட்டா உறைகளைக் கண்டால், மலிவு என்று வாங்காமல் இருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய சிறு உதவி.

நம் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் கலையில் ஆர்வம் இருக்குமாயின், அதற்கு நேரான வழி இந்நகரிலேயே உண்டு. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங், 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றவர். காற்றுத் துப்பாக்கிக்கு மருந்தும் வேண்டாம், பித்தளை உறையும் வேண்டாம். ஓர் ஈயச் சிறுகுண்டு போதும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அளவுக்கு மேற்படாத, இருபது ஜூலுக்கு உட்பட்ட விசையுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சும் தேவையில்லை. ஆயினும் வீட்டு மொட்டைமாடியில் பழகாமல், ஆசிரியரின் கீழ் உரிய களத்தில் பழகுவதே முறை.

பித்தளை நம் குடும்பங்களுக்கு அந்நியமான உலோகமன்று. நாச்சியார்கோயில் குத்துவிளக்கும், குடமும், அண்டாவும் சீராகக் கொண்டுவந்த மக்கள் நாம். ஜனகாமுக்கு அருகிலுள்ள பெம்பர்த்தியில் பித்தளைத் தகட்டில் சித்திரம் கொட்டும் கைவினைஞர் இன்றும் உள்ளனர்; காஜிப்பேட்டைப் பாசஞ்சரில் போனால் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம். அன்பர்கள் இவ்வாரத்து விடுமுறையில் தத்தம் வீட்டுப் பழம்பெட்டிகளைத் திறந்து பார்த்து, அவற்றில் தோட்டா ஏதேனும் இருக்குமாயின் தாமதியாது உரிய இடத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.